மடியில் வைத்த முதல் துண்டு

“…அது அடுப்படி விசயம் டீச்சர். விளையாட்டுக்கெல்லாம் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். அதான் புள்ள வாயத் தொறக்கல லா.”

கையில் கெட்டிப்பால் டின்னோடு, அரிசி மூட்டைக்கும் பானைக்கும் நடுவில் நின்றபடி செல்வம் இப்படிச் சொன்னார். என் பக்கத்தில் அவருடைய மனைவி சாந்தி நின்றிருந்தார். வேலியோரம் அவர்களுடைய மோட்டார் சைக்கிள். அதன் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. ஆறு வயது மகள் ஹேமாவின் உடுப்புகள் அதற்குள் மடித்து அடுக்கியிருந்தன. அன்று சாயங்காலமே அவள் ஈப்போ நகரத்துச் சிலிபினில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

அந்த ஏற்பாடு ஏன் வந்தது, செல்வம் சொன்ன சொல் ஏன் என்னை அப்படியே நிறுத்தி வைத்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பாலர் பள்ளி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே (தம்பிகளும் ஒன்றிரண்டு பேர் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோசம்), பாடத்திட்டமும் வருகைப் பதிவும் சொல்லித் தர உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பயிற்சி முடித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், போனேன், அங்கேயே தங்கிவிட்டேன். கற்றுக்கொண்டதெல்லாம் பிள்ளைகள் பேசியதிலிருந்தும், அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் வாசலில் நின்று பேசியதிலிருந்தும்தான். ஆகவே பேச்சாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளி ஈப்போவுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது. ரப்பர் எப்போதோ போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற ஆயாக் கொட்டகை மட்டும் இடிபடாமல் நின்றது. அதற்குத் தகரம் மாற்றி, சுவருக்கு நீலம் அடித்து, எங்களிடம் கொடுத்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் யாரோ வெட்ட மறந்துபோன நாலைந்து ரப்பர் மரங்கள். எனக்கு நாள்காட்டி அவைதான்.

எண்வரிசைக்கு ஒரு படப்புதிர் உண்டு. நீங்களும் செய்து பார்த்திருப்பீர்கள். ஒரு படத்தை நெடுக்காகப் பத்துத் துண்டு போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று முதல் பத்து வரை எழுதிவிட வேண்டும். எண்களை வரிசையாக வைத்தால் படம் கூடிவரும். முதலில் எங்களுக்கு வந்தவை எல்லாம் வெளிநாட்டுப் பருவப் படங்கள். பூப் பூக்கிற காலம், வெயில் காலம், இலை உதிர்கிற காலம், பனிக் காலம். பனியில் செய்த மனிதனின் படத்தை என் பிள்ளைகள் அழகாக அடுக்கி முடித்தார்கள். “இது என்ன?” என்று கேட்டேன்.

“ஐஸ் கச்சாங் டீச்சர்!” என்று எல்லாரும் கத்தினார்கள். துருவிய ஐஸைக் குவித்து மேலே கலர் சீரப்பு ஊற்றித் தருவார்களே, அதைத்தான்.

“சீரப்பு இன்னும் ஊத்தல,” என்று ஒருவன் கவலையோடு திருத்தினான்.

அன்றைக்கே அந்தப் படங்களை எடுத்து வைத்துவிட்டு நானே வரைய உட்கார்ந்தேன். நமக்குப் பருவம் இல்லையா என்ன? மார்ச்சை ஒட்டி ரப்பர் இலை சிவந்து உதிரும். அந்த மரங்களுக்கு அடியில் பிள்ளைகள் ஓடினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். அப்புறம் டுரியான். அதற்குப் பிறகு ரப்பர் கொட்டை வெடிக்கும். தகரக் கூரையில் டப்பென்று விழும்போதெல்லாம் வகுப்பே மேலே பார்க்கும். தீபாவளியும் மழையும் கைகோத்துக்கொண்டு வரும். தை பிறந்தால் பொங்கல் பானை. நான் வரைந்த டுரியான் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. பிள்ளைகள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். இன்று அந்த அட்டைகள் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் ஓரங்களில் பிஞ்சு விரல்களின் அழுக்கு. துடைக்க மனசு வரவில்லை.

இந்தப் புதிரில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் எண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். பானையின் பாதிக்குப் பக்கத்தில் மீதிப் பாதியை வைத்துப் படத்தைக் கொண்டே முடித்துவிடுவார்கள். எண் வந்துவிட்டது என்று நாம் கைதட்டிக்கொண்டிருப்போம். அதனால் நான் துண்டுகளின் மேல்பகுதியைப் பின்னால் மடித்துவிட்டு, அடியில் இருக்கும் எண் மட்டும் தெரிகிற மாதிரி கொடுப்பேன். அடுக்கி முடித்த பிறகுதான் மடிப்பைப் பிரித்துப் படத்தைப் பார்க்கலாம். அப்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே இன்னொரு முறை வேலைக்குப் போகலாம்.

இன்னொன்று. எண்ணும்போது ஒரு பிள்ளை தடுமாறினால் உடனே திருத்தப் பாயாதீர்கள். அது எங்கே எண்ணக் கற்றது என்று முதலில் பாருங்கள். ஈப்போ நகரத்தில் ஒரு தவணை வேலை பார்த்தேன். அங்கே ஒரு பையன். அவன் அப்பா மூலைக் கடையில் உணவகம் வைத்திருந்த பாய். பையன் எண்ணினால் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, மூணு ஏ, அஞ்சு’ என்று போவான். புதிரில் நான்காம் துண்டைத் தொடவே மாட்டான். வற்புறுத்தினால் அழுகை. “எங்க வீட்டு லிஃப்டுல நாலு இல்ல டீச்சர்!”

உண்மைதான். சீனர்களுக்கு நாலு ஆகாது, அவர்கள் பேச்சில் அது சாவு என்பது போல ஒலிக்கும். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் மூன்றுக்கு அடுத்து ‘மூன்று ஏ’ என்று போட்டுவிட்டு ஐந்துக்குப் போய்விடுவார்கள். தினமும் அம்மா இடுப்பில் இருந்தபடி அந்தப் பொத்தான்களை அமுக்கி எண்ணப் பழகிய பிள்ளை அவன். பாயிடம் சொன்னேன். ரொட்டிக்கு மாவை வீசிக்கொண்டே சிரித்தார். “அவன் மேல குத்தம் இல்ல டீச்சர். கட்டடம் கட்டுனவன்கிட்ட கேளுங்க, நாலாவது மாடிய எங்க ஒளிச்சு வெச்சான்னு.” மறுநாள் ஓர் அடுக்குமாடி வரைந்து, ‘மூன்று ஏ’ என்று எழுதிய இடத்தில் திறக்கிற மாதிரி ஒரு காகிதக் கதவு ஒட்டி, உள்ளே நாலை எழுதி வைத்தேன். பையன் அதைத் திறந்து மூடித் திறந்து மூடியே நாலோடு சமாதானம் ஆகிவிட்டான்.

இவ்வளவு தெரிந்து வைத்திருந்தும் ஹேமா விசயத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வருடங்களில் பள்ளி மார்ச்சில் தொடங்கும். ஹேமா வந்தபோது ரப்பர் இலைப் புதிர் நடந்துகொண்டிருந்தது. மடித்த துண்டுகளை அவள் முன்னால் கலைத்துப் போட்டேன். முதலில் ஒன்றாம் எண் துண்டைத்தான் தேடி எடுத்தாள். எடுத்து, அதை மடியில் வைத்து, கவுனை அதன் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு இரண்டிலிருந்து பத்து வரை கடகடவென்று அடுக்கினாள். ஒரு துண்டுகூடத் தவறவில்லை. மடிப்பைப் பிரித்தால் மரத்தில் ஒரு பக்கம் இல்லை.

“மடியில இருக்கறத வைக்கலையாம்மா?”

தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

விட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனேன். திரும்பிப் பார்த்தபோது துண்டு அதன் இடத்தில் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் வைத்திருக்கிறாள்.

ரப்பர் கொட்டைகளைக் கொடுத்து எண்ணச் சொன்னாலும் அதேதான். முதல் கொட்டையின் மேல் விரலை வைத்து உதட்டை இறுக்க மூடிக்கொள்வாள். அடுத்த கொட்டையில் “ரெண்டு” என்று ஆரம்பிப்பாள். முடிவில் சரியான தொகையைச் சொல்வாள். இதில் என்ன வேடிக்கை என்றால், எண்ணுப் பாட்டுப் பாடும்போது எல்லாரோடும் சேர்ந்து “ஒண்ணு” என்று கத்துவாள். பொருளைத் தொட்டு எண்ணும்போது மட்டும்தான் வாய் பூட்டிக்கொள்ளும். பாட்டு வேறு, எண்ணிக்கை வேறு என்பதை அந்தப் பிள்ளை என்னைவிடத் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தாள்.

எனக்கு உதவியாக அப்போது பிரியா என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது, வேலைக்குப் புதுசு, துறுதுறுவென்று இருப்பாள். அவள் ஒரு நாள் ஹேமாவின் விரலைப் பிடித்து முதல் கொட்டையில் வைத்து, “சொல்லு செல்லம், ஒண்ணு! ஒண்ணு!” என்று விடாமல் கேட்டாள். ஹேமா விரலை உருவிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளை வெளியே வர வைக்க என் மதியச் சாப்பாட்டிலிருந்து அப்பளம் முழுதும் போனது.

ஹேமாவின் அம்மா சாந்தியிடம் கேட்டேன். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர் அவர்தான். ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இறங்கின வேகத்தில் கிளம்பிவிடுவார். “வீட்டுல நல்லாத்தான சொல்றா டீச்சர்? போன்ல பாட்டப் போட்டா ஒண்ணு ரெண்டு எல்லாம் வருதே,” என்றார். அதோடு விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவரிடம் கேட்பது நமக்குச் சுலபம். பிள்ளை யாரோடு சேர்ந்து கைவேலை செய்கிறதோ அவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

தீபாவளி வந்தது. விளக்குப் புதிர். பிள்ளைகள் அடுக்குவதைப் பிரியா படம் பிடித்துப் பெற்றோர் குழுவில் போட்டாள். ஆசையாகத்தான் போட்டாள். அதில் ஹேமா முதல் துண்டை மடியில் வைப்பதும், “வை லா” என்று பக்கத்துப் பையன் சொல்வதும், அவள் மாட்டேன் என்பதும் தெளிவாக விழுந்திருந்தது. சாந்தி அதைத் தன் அக்காவிடம் காட்டியிருக்கிறார். அக்கா சிலிபின்காரர். “ஒண்ணே தெரியல, இவள எப்படி முதலாம் ஆண்டுல போடுவ? எங்கிட்ட விடு. இங்க டவுன் பாலர் பள்ளியில போட்டுப் பழக்கி, இங்கேயே முதலாம் ஆண்டும் சேத்துர்றேன். சனி ஞாயிறுக்கு வந்து பாத்துக்கோ,” என்றாராம்.

சாந்தி என்னிடம் வந்தபோது மழை. செல்வமும் வந்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை, கூரையோரம் நின்றார். சாந்தி கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

“என்னைய பின்னாடியே உக்கார வெச்சாங்க டீச்சர். ஆறு வருசமும். கரும்பலகைய விட முன்னாடி இருந்த புள்ளைங்க சடையத்தான் நான் அதிகமாப் பாத்தேன். என் புள்ள அப்படி உக்காரக் கூடாது.”

அந்தச் சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை. உங்கள் வகுப்பில் பின்வரிசை என்று ஒன்று இருந்தால், போய் அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

செல்வம் கூரையோரம் நின்று மழையைப் பார்த்துச் சொன்னார்: “அவ போயிட்டா நான் யாரக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போறது?” அவர் வாரநாளில் செம்பனைக் குலை வெட்டுவார். திருவிழா என்றால் கோயில்களில் அன்னதானச் சமையல். சித்தியவான், தெலுக் இந்தான் வரைக்கும் கூப்பிடுவார்கள். போகும்போது மோட்டார் சைக்கிளில் முன்னால் கரண்டி மூட்டை, பின்னால் ஹேமா. காய் கழுவுவதிலிருந்து அரிசி அளப்பது வரை பக்கத்திலேயே நிற்பாள் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அதைப் புதிரோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“பொங்கல் வரைக்கும் விடுங்க சாந்தி,” என்று கேட்டுக்கொண்டேன்.

“சரி டீச்சர். பொங்கல் அன்னிக்கு என் கண் முன்னாடி ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் அவ அடுக்கட்டும். இல்லேன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிர்றேன். வருத்தப்படாதீங்க.”

அந்த வாரங்களில் நானும் பிரியாவும் செய்யாத வித்தை இல்லை. பூஜ்யத்தில் தொடங்கிப் பார்த்தோம். பூஜ்யத்தை வைத்தாள், ஒன்றை மடியில் வைத்தாள். மிட்டாயை எண்ணச் சொன்னோம். முதல் மிட்டாய் மௌனமாகவே போனது. பொங்கலுக்கு முந்தின நாள் பிரியா கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

“டீச்சர், பதினொண்ணுல இருந்து இருபது வரைக்கும் போட்டு வெட்டிருவோமா? அதுல ஒண்ணாம் நம்பரே வராது. அவங்கம்மாவும் பாத்துட்டுச் சந்தோசமாப் போயிருவாங்க.”

ஆசையாகத்தான் இருந்தது. ஹேமா பதினொன்றைத் தயங்காமல் வைப்பாள், எனக்குத் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது பெரிய வித்தையாகக்கூட இருக்கும். ஆனால் ஆறு வருடம் சடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் இன்னொரு திரையைப் போட எனக்குக் கை வரவில்லை. “வேணாம் பிரியா. ஒண்ணுல இருந்தே வெட்டு,” என்றேன். வெட்டினாள்.

பெற்றோர் வர வேண்டும் என்பதால் சனிக்கிழமையில் பொங்கல் வைத்தோம். கொட்டகைக்கு முன்னால் செங்கல் அடுப்பு. சமையல் செல்வம். சொல்லிக் கூப்பிடத் தேவை இருக்கவில்லை, விடியும்போதே விறகோடு வந்துவிட்டார். சர்க்கரைப் பொங்கல் பானையில் பால் பொங்கி வழிந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் செம்பனைக்குள் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. பானையை இறக்கி வைத்துவிட்டு, மதியச் சோற்றுக்கு அவர் உலை வைக்கப் போனார். நாங்கள் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் புதிருக்கு உள்ளே வந்தோம்.

பொங்கல் படத்தில் முதல் துண்டில் கரும்பு இருக்கும். பாயில் ஹேமா. எதிரே சாந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு. கைப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. ஹேமா துண்டுகளைக் கிளறினாள், ஒன்றை எடுத்தாள், அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அதை மடியில் வைத்துக் கவுனை இழுத்து விட்டாள்.

சாந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, நல்ல வேளை, அதற்குள் ஜன்னல் வழியாகச் செல்வத்தின் குரல் வந்தது. மதியச் சோற்றுக்குக் காலிக் கெட்டிப்பால் டின்னால் அரிசி அளந்துகொண்டிருந்தார். சமையல்காரர்களுக்கே உரிய இழுப்போடு, பாடுகிற மாதிரி.

“லாபம்…”

பாயில் உட்கார்ந்திருந்த ஹேமாவின் கை மடியில் இருந்த துண்டின் மேல் போய் அமர்ந்தது.

“ரெண்டு…”

கை நகர்ந்து இரண்டாம் துண்டை எடுத்து வைத்தது.

“மூணு…”

மூன்றாம் துண்டு.

நானும் சாந்தியும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த நொடி நான் வெளியே ஓடினேன். இந்த வயதில் ஓடினேன் என்றால் நம்புங்கள்.

“செல்வம்! நிறுத்துங்க!”

அவர் பதறிப்போய் டின்னைத் தூக்கிப் பிடித்தார். “என்ன டீச்சர்? புள்ளைக்கு ஏதும்…?”

“புள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. இப்ப என்ன சொல்லி அளந்தீங்க?”

“அரிசி அளந்தேன்.”

“மொதல் டின்னுக்கு என்ன சொன்னீங்க?”

“லாபம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?” என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஒண்ணுன்னு வாயெடுத்தா அது ஒண்ணோடயே நின்னுரும் டீச்சர். பந்தியில பாதிப் பேரு இலை போட்டு உக்காந்திருப்பாங்க, சோறு தீந்துரும். தெலுக் இந்தான்ல எனக்குத் தொழில் பழக்குன பெரியவரு அப்படித்தான் அளப்பாரு. இத்தன வருசத்துல என் சோறு ஒரு பந்தியிலயும் பத்தாமப் போனதில்ல.”

கேள்விப்படாத வழக்கம் இல்லை. என் சின்ன வயதில் மளிகைக் கடையில் காதில் விழுந்ததுதான். அரிசி பிளாஸ்டிக் பையில் அடைத்து வரத் தொடங்கியதும் அந்தச் சொல் நம் வீடுகளிலிருந்து போய்விட்டது. செல்வத்தின் அடுப்படியில் மட்டும் போகவில்லை. அங்கேதான் ஹேமா எண்ணக் கற்றிருக்கிறாள்.

அதற்குள் சாந்தியும் வந்து சேர்ந்துவிட்டார். “அப்ப அந்த லாபத்தயாவது வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல? மாசக்கணக்கா எல்லாரும் தொண்டத்தண்ணி வத்தக் கேட்டோமே!”

அப்போதுதான் செல்வம், நான் தொடக்கத்தில் உங்களிடம் சொன்ன அந்தப் பேச்சைச் சொன்னார். அது அடுப்படிச் சொல், பத்துப் பேர் பசியாற அளக்கும்போது சொல்வது, விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது என்று மகளிடம் அவர்தான் சொல்லி வைத்திருக்கிறார். பாருங்கள், அந்தப் பிள்ளையின் நிலைமையை. ‘ஒண்ணு’ என்றால் நின்றுபோகும். ‘லாபம்’ என்றால் அப்பா வருத்தப்படுவார். இரண்டையும் சொல்லாமல், முதல் துண்டைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வருடம் முழுக்க எங்கள் எல்லாரையும் சமாளித்திருக்கிறாள்.

சாந்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் துடைத்துவிட்டுக் கேட்டார்: “சரிங்க. பரீட்சையில? முதலாம் ஆண்டுல வாத்தியாரு ஒரு மாங்காயக் காட்டி எத்தனன்னு கேட்டா, லாபம்னு எழுதுவாளா? இல்ல, சும்மா உக்காந்திருப்பாளா?”

செல்வம் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்போது என் நாக்கு நுனியில் ஒரு பேச்சு இருந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை, இந்தக் காலத்தில் யார் இப்படி அளக்கிறார்கள், பிள்ளையின் படிப்பைக் கெடுக்காதீர்கள் என்று. டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள் அல்லவா, அந்தப் பேச்சு நமக்கு எப்போதும் தயாராக இருக்கும். விழுங்கிவிட்டேன். ஹேமா ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா தப்பு என்று நான் சொல்லி அவள் கற்றுக்கொள்ளும் ‘ஒண்ணு’ எனக்கு வேண்டியிருக்கவில்லை. இதை மட்டும்தான் சொன்னேன்: “நீங்க அளக்கறப்ப அவ கை உள்ள கூடவே அடுக்குது செல்வம். மடியில இருக்கற துண்டுதான் உங்க லாபம்.”

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

“எண்ணிக்க விட்டுப் போச்சு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, களைவதற்காக வெறும் பானையில் போட்டிருந்த அரிசியை மறுபடி மூட்டையில் கொட்டினார். “ஹேமா, இங்க வா.”

அவள் துண்டைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள். உள்ளே இருந்த பெற்றோரும் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். செல்வம் டின்னை அரிசியில் விட்டு நிறைத்து, உள்ளங்கையால் மேல்பக்கத்தை வழித்துச் சமன் செய்தார். பானைக்கு நேரே பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அன்னதானத்தில் அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான் அங்கே எல்லாரும்.

“ஒண்ணு,” என்றார், சத்தமாக.

“அப்பா!” ஹேமா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாத,” என்றார். ஆனால் அவர் குரலே தெம்பாக இல்லை. அரிசி பானையில் விழுந்தது. ஹேமா எக்கி உள்ளே பார்த்தாள். செல்வமும் பார்த்தார். பிறகு இரண்டாவது டின்னை நிறைத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“…ரெண்டு,” என்றாள் ஹேமா.

“கேக்கல லா,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“ரெண்டு!” என்று கத்தினாள். மூன்றை எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். பத்து என்று முடித்தபோது பிரியாவின் குரல்தான் எல்லாரையும் விடப் பெரிதாகக் கேட்டது.

ஹேமா பானையை இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினாள். நாங்கள் ஜன்னல் பக்கம் போனோம். பாயில் மண்டியிட்டு, கரும்புத் துண்டை இடது ஓரத்தில் வைத்து, விரலால் அழுத்தி, “ஒண்ணு,” என்றாள். அடுத்ததை எடுத்தாள். “ரெண்டு.” சாந்தி அங்கே நின்று முழுவதும் கேட்கவில்லை. ஏழுக்கு வரும்போதே வேலியோரம் போய்ப் பையைக் கழற்றிக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் புத்தகப் பைகள் தொங்குகிற ஆணிவரிசையில், ஹேமாவின் பெயர் எழுதிய ஆணியில் அதை மாட்டிவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அப்போதுதான் கைப்பையைக் கீழே வைத்தார்.

எல்லாரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எதற்கோ திரும்பினேன். அடுப்புக்கு முன்னால் செல்வம் தனியாக நின்றிருந்தார். அளந்து முடிந்த பானையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு டின்னை மறுபடி அரிசிக்குள் விட்டு நிறைத்து, உதடு மட்டும் அசைய, “லாபம்” என்று சொல்லிப் பானையில் போட்டார்.